சகலனின் ரொக்கெட்

சிவமணிக்குத் தன் சகலன் சுபாகரனைப் பிடிக்காது. சுபாகரன் ஒரு குடிகாரனாகவோ கள்ளனாகவோ இருந்திருந்தால் வேலை எவ்வளவு சுலபம். அந்தப் பாவியோ நல்லவன். முற்றத்தில் கண்டால் "அண்ணன்" என்று கதிரையை விட்டு எழும்புவான். மாமியாரின் பிரஷர் குளிசை முடிவதற்கு முதலே அடுத்த பெட்டியை வாங்கி வந்து வைத்துவிடுவான். ஒரு மனிதனை வெறுக்க ஒரு காரணமாவது தரவேண்டாமா? அதைக்கூடத் தராதவனோடு ஒரே வளவுக்குள் எப்படித்தான் காலம் தள்ளுவது?

ஒரே வளவு என்பதுதான் இதில் பெரிய கொடுமை. மட்டக்களப்பில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போகவேண்டும். வாகரையில் பிறந்த சிவமணி அப்படித்தான் வவுணதீவுக்கு வந்தான். ஆச்சிப்பிள்ளையின் மூத்த மகள் சர்மிலாவைக் கட்டி, அவளுடைய சீதன வீட்டில் குடியேறி, நெடுங்காலம் அந்த வளவின் ஒரே மருமகனாக இருந்தான். ஓடு ஒழுகினாலும் அவன்தான், வேலி சரிந்தாலும் அவன்தான். பிறகு இளையவள் தக்சிகாவுக்குக் கிணற்றின் அந்தப் பக்கம் ஒரு வீடு எழும்பியது. கல்லடியிலிருந்து சுபாகரன் வந்து இறங்கினான். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உத்தியோகம், கண்ணாடி, சிரித்த முகம். சிவமணிக்கு ஒரே மருமகன் என்ற பதவி போய் மூத்த மருமகன் என்ற பதவி கிடைத்தது. அது பதவி உயர்வு அல்ல என்று ஒரு கிழமைக்குள்ளேயே தெரிந்துவிட்டது.

சிவமணி ஒன்றும் லேசுப்பட்ட ஆள் இல்லை. வலையிறவுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வாகனங்களுக்கு வர்ணம் அடிக்கும் கராஜ் அவனுடையது. மாட்டில் மோதி நசுங்கிய வான் வண்டியை அவனிடம் விட்டுவிட்டுப் போனால், எந்தக் கதவு நசுங்கியது என்று சொந்தக்காரனே மறந்துவிடுவான். நகத்தால் தடவிப் பார்த்தாலும் பூசின இடம் பிடிபடாது. ஊரில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. சொல்லாதவள் ஒருத்திதான். அவளைத்தான் அவன் கட்டியிருந்தான். கேற்றுக்கு வர்ணம் அடித்தான், அலுமாரிக்கு அடித்தான், மகள் நிருஷாவின் சைக்கிளைப் புதுசாக்கிக் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் சர்மிலா வந்து பார்த்துவிட்டு, காய்ந்துவிட்டதா, உடுப்பில் ஒட்டாதுதானே என்று மட்டும் கேட்பாள். ஒட்டாது என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது.

அந்த வருசம் பெரும்போகம் அறுவடை முடிந்த கையோடு சுபாகரன் ஒரு ரொக்கெட் செய்யத் தொடங்கினான். கொழும்பில் உள்ள ஏதோவொரு ரொக்கெட் கழகத்தில் அவன் அங்கத்தவன். மோட்டாரும் அனுமதிக் கடிதங்களும் அவர்கள் மூலம் வந்தன. மற்றதெல்லாம் இங்கே சேர்த்தது. காத்தான்குடியில் அப்துல் மஜீத்தின் துணிக்கடையில் சேலைத் துணி சுற்றி வரும் மெல்லிய அட்டைக் குழாய்தான் உடம்பு. கடைசலில் கொடுத்துக் கடைந்த மரக் கூம்பு மூக்கு. வாலுக்குப் பிளைவூட்டில் வெட்டிய மூன்று செட்டைகள். உச்சிக்குப் போனதும் மோட்டாரில் மிச்சமிருக்கும் கொஞ்ச மருந்து வெடித்து மூக்கைத் தள்ளும், மூக்கு கழர்ந்தால் உள்ளே மடித்து வைத்த பரசூட் விரியும், ரொக்கெட் ஆறுதலாக இறங்கும் என்று முற்றத்தில் வைத்து எல்லோருக்கும் விளக்கினான். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். சிவமணி மட்டும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொல்லையும் தவறவிடவில்லை.

செய்ததுதான் செய்தான், அதற்கு 'ஆச்சி' என்று மாமியாரின் பேரையும் வைத்தான். தன் பேரை வெடியில் எழுத இவனுக்கென்ன விசரா என்று ஆச்சிப்பிள்ளை சினந்தாள். சினந்தபடியே தெரு ஒழுங்கையின் இரண்டு முனைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அந்த வீட்டுச் சுவருக்கு எத்தனை தடவை வர்ணம் அடித்திருப்போம், ஒரு தடவையாவது மாமியாரின் பேரை எழுதத் தோன்றவில்லையே என்று சிவமணி தன்னையே நொந்துகொண்டான்.

முதல் தடவை அதை வட்டையில் வைத்து விட்டார்கள். நெல் வெட்டி முடிந்த வயல், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெறும் தாள்தான். 'ஆச்சி' சீறிக்கொண்டு எழும்பியது. சர்மிலா தன்னை மறந்து சிவமணியின் கையைப் பிடித்தாள்.

"இஞ்ச பாருங்க, என்ன வடிவு," என்றாள்.

பிடித்தது அவனுடைய கை, பார்த்தது சகலனுடைய ரொக்கெட்டை. ஓர் அட்டைக் குழாயைப் பார்த்து இவளுக்கு இந்தச் சொல் வருமென்றால், இத்தனை வருசமும் அதை எங்கே ஒளித்து வைத்திருந்தாள்? வயிறு எரிந்தது அவனுக்கு. பரசூட் விரிந்து, காற்றில் இழுபட்டு, ரொக்கெட் போய் வரம்பில் மோதி நடுவால் மடிந்தபோது அந்த எரிச்சல் கொஞ்சம் தணிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று பின்னேரம் வளவு செத்தவீடு மாதிரி இருந்தது. சுபாகரன் மடிந்த குழாயை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். வேறு குழாய் எடுத்து முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான் என்றான். அப்போது சர்மிலா, எல்லோருக்கும் முன்னால், இவரிடம் கொடுங்கள் இவர் செய்வார் என்று சொன்னாள். சிவமணியின் நெஞ்சு நிமிர்வதற்குள் அவன் பக்கம் திரும்பி, "உங்களால ஏலும்தானே?" என்றும் கேட்டுவிட்டாள். முதல் பாதியை அவன் உடனே மறந்துபோனான். இரண்டாவது பாதி முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கையை நீட்டிக் குழாயை வாங்கினான். இதே வட்டையில், இதே சகலனின் ரொக்கெட்டைப் பார்த்து, இது என் மனிசனின் வேலை என்று அவள் வாயால் சொல்லவேண்டும். அவனுக்கு வேறொன்றும் வேண்டாம்.

அடுத்த நாளே கராஜில் வேலையைத் தொடங்கினான். வரிசையில் நின்ற இரண்டு முச்சக்கரவண்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டான். மடிந்த இடத்தில் அட்டையின் படைகள் உடைந்திருந்தன. அதை நிமிர்த்துவது வீண்வேலை. குழாயைச் சுற்றி ஒரு கடதாசிப் பட்டையை விளிம்போடு விளிம்பு பொருந்தும்படி ஒட்டி, அந்த விளிம்பைப் பிடித்தபடி சவர அலகை மெல்ல மெல்லச் சுற்றி ஓட்டி, கெட்ட துண்டை வெட்டி எறிந்தான். காத்தான்குடிக்குப் போய் அதே அளவுக் குழாய் ஒன்று வாங்கி வந்தான். அதில் ஒரு சாண் வெட்டி, நெடுக்காகப் பிளந்து, கொஞ்சம் அகலம் குறைத்துச் சுருட்டினால் அது பழைய குழாய்க்குள் இறுகி உட்காரும். அதைப் பசை பூசி உள்ளே பாதி விட்டு, வெளியே நின்ற பாதியில் புதுத் துண்டைச் செருகினான். வானின் கண்ணாடி ஒன்றைப் படுக்கப்போட்டு அதன்மேல் குழாயை உருட்டிப் பார்த்தான். எங்கும் துள்ளாமல் உருண்டது. ஆளில்லாத கராஜில் தனக்குத் தானே சிரித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. அட்டைக் குழாயில் கீழிருந்து மேல்வரை ஒரு பள்ளக் கோடு சுற்றிச் சுற்றி ஓடும். பட்டையைச் சாய்வாகச் சுற்றிக் குழாய் செய்வதால் வருவது அது. வர்ணம் அடிக்கும்வரை பேசாமல் இருக்கும், அடித்த பிறகு பல்லைக் காட்டும். முதல் தடவை சுபாகரன் அடித்த வர்ணத்தில் அது நன்றாகவே பல்லைக் காட்டியது. வானுக்குப் பூசும் பேஸ்டைப் பூசினால் பாரம் கூடிவிடும் என்று சிவமணிக்குத் தெரியும். அதனால் மரவேலைக்காரர் பூசும் பூச்சைத் தண்ணீரில் குழைத்து, பழைய போன் கார்ட் ஒன்றால் பள்ளத்துக்குள் மட்டும் அழுத்தித் தேய்த்தான். காய்ந்ததும் அரத்தாளால் உரசி மேலே நின்றதை எல்லாம் எடுத்தான். பிறகும் பூசினான், பிறகும் உரசினான். வெட்டிய விளிம்புகளில் அட்டை பிரியாமல் இருக்க சுப்பர் குளூவை ஊறவிட்டுக் கல்லாக்கினான். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினான். பழைய துண்டு எங்கே முடிகிறது, புதுத் துண்டு எங்கே தொடங்குகிறது என்று அவனுக்கே பிடிபடவில்லை.

சுபாகரன் ஒவ்வொரு நாளும் வேலை விட்டு வரும் வழியில் கராஜுக்கு வந்து நின்றான். இது நம்மட ரொக்கெட்டா அண்ணன் என்று அதிசயப்பட்டான். வயலில் விழுந்தால் தேடி எடுக்கச் செம்மஞ்சள் நிறம் நல்லது என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அது ரோட்டுப் போடுகிறவர்களின் நிறம் என்று சிவமணி ஒரே வெட்டாக வெட்டினான். பிந்திப் பழுத்த மாதுளை போன்ற ஒரு சிவப்பும், பேரெழுதப் பொன் நிறமும் என்றான். அதுவும் நல்லதுதான் என்று சுபாகரன் உடனே ஒத்துக்கொண்டான். கொஞ்சம் மறுத்துப் பேசியிருந்தால் சிவமணிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு நாள் சர்மிலா தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவள் கராஜுக்கு வந்து எவ்வளவோ காலம். சுபாகரனும் அங்கே நின்றான். குழாய் காற்றில் போகும்போது வழுவழுப்பு ஏன் வேண்டும், பரசூட்டை எப்படி மடிக்கிறது, எவ்வளவு உயரம் போகும் என்று அவனைக் கேட்டபடியே இருந்தாள். சிவமணி ஒரு கையில் அரத்தாளும் மறு கையில் கோப்பையுமாக நின்றான். தப்பாக நினைக்க வேண்டாம், மனைவியைப் பற்றியோ சகலனைப் பற்றியோ அவன் கேவலமாக ஒன்றும் நினைக்கவில்லை. அவனுடைய பொறாமை அதைவிடச் சின்னது. அவள் கேட்ட கேள்விகளைப் பார்த்துத்தான் அவன் பொறாமைப்பட்டான். நசுங்கிய கதவை எப்படி நிமிர்த்துகிறீர்கள் என்று அவள் அவனை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு நாள் முழுக்கச் சொல்லியிருப்பான்.

போவதற்கு முன் சுபாகரன் மூக்குக் கூம்பைக் கையில் எடுத்தான். கூம்பின் அடியில் ஒரு கழுத்து உண்டு, அதுதான் குழாய்க்குள் இறங்கி நிற்பது.

"அண்ணன், மூக்கப் புடிச்சுத் தூக்கினா ரொக்கெட் விழப்படாது. எள்ளுப்போல உதறினா கழரணும். அந்த லூஸ் கட்டாயம் வேணும்," என்றான்.

சிவமணி தலையாட்டினான். ஆனால் அவர்கள் போன பிறகு கூம்பைச் செருகிப் பார்த்தபோது அவனுக்குப் பொறுக்கவில்லை. கூம்புக்கும் குழாய்க்கும் நடுவில் மயிரளவு ஓர் இடைவெளி சுற்றி ஓடியது. கராஜ் வைத்த நாள் முதல் மனிதர்கள் அவனிடம் லூஸைக் கொண்டுவந்து கொடுத்து இறுக்கத்தை வாங்கிக்கொண்டு போகிறவர்கள். கதவு சாத்தினால் சத்தம் வராமல் உட்காரவேண்டும், இடைவெளி தெரியக்கூடாது, அதுதான் வேலை. இப்படி ஆடிக்கொண்டிருக்கும் மூக்கோடு இதை வட்டைக்குக் கொண்டுபோனால் இதுவா உங்கள் வேலை என்று சர்மிலா கேட்கமாட்டாளா?

கழுத்துக்கு ஓர் அடிப்பூச்சு, அதன்மேல் சிவப்பு. குழாயின் வாய்க்குள்ளும் அப்படியே. உரசி உரசிப் பொருத்தினான். கடைசியில் கூம்பை இறக்கினால் உள்ளிருந்த காற்று மெல்லிய சத்தத்தோடு வெளியேறி, கூம்பும் குழாயும் ஒரே மரத்தில் கடைந்தது போலச் சேர்ந்துகொண்டன. நகத்தை ஓட்டினாலும் கோடு தட்டவில்லை. இழுத்துப் பார்த்தான். கொஞ்சம் பலம் கொடுத்து இழுத்தால் போத்தல் மூடி போலக் கழர்ந்து வந்தது. என் கைக்குக் கழர்கிறது, வெடிமருந்துக்குக் கழராதா என்று நினைத்தான். அவன் நினைத்தது அவ்வளவுதான். வேறு எந்தக் கள்ள எண்ணமும் அந்த நேரம் அவன் மனசில் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வளவு முழுக்க வட்டைக்குப் போனது. ஆச்சிப்பிள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையை வாகை மரத்தின் கீழே போட்டார்கள். அனுமதிக்காக வந்த பொலிஸ்காரர் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். சிவமணி துணியை விலக்கி ரொக்கெட்டை வெளியே எடுத்தான். வெயில் பட்டு அது மின்னியது. 'ஆச்சி' என்ற பொன்னெழுத்து குழாயின் வளைவோடு சரியாக வளைந்து நின்றது. தக்சிகா ஐயோ என்று கையை வாயில் வைத்தாள். பொலிஸ்காரர்கூட இது எந்தக் கடையில் வாங்கியது என்று சிங்களம் கலந்த தமிழில் கேட்டார். சர்மிலா கிட்டே வந்து, குழாயை விரலால் மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினாள். சிவமணி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அவள் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து ஆச்சிப்பிள்ளை தண்ணீர் கேட்டாள். சர்மிலா போத்தலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பரசூட்டை வைப்பதற்குச் சுபாகரன் மூக்கைக் கழற்றவேண்டி வந்தது. இழுத்தான், இன்னொரு தடவை இழுத்தான், பிறகுதான் வந்தது. அவன் முகம் சுருங்கியது.

"எள்ளுப்போல இறுக்கம் அண்ணன்," என்றான்.

"அதுதான் வேல. இறுகி இருந்தாத்தான் வேல," என்றான் சிவமணி, எல்லோருக்கும் கேட்கும்படி.

சுபாகரனின் கால்சட்டைப் பையில் ஒரு துண்டு அரத்தாள் இருந்தது. அவன் கை அதை எடுத்தது. கழுத்தில் நாலு தடவை உரசினால் போதும். ஆனால் மாமியார் பார்க்க, மனைவிமார் பார்க்க, மூத்த சகலன் அடித்த வர்ணத்தில் இளையவன் எப்படி அரத்தாளை வைப்பான்? வளவுக்குள் அப்படிச் செய்கிற வழக்கம் இல்லை. அரத்தாள் பைக்குள்ளேயே போனது. சுபாகரன் பரசூட்டை மடித்து வைத்து, கூம்பை அமுக்கி மூடினான்.

உடனே விட்டிருந்தால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. காற்று எழும்பியது. அது அடங்கும்வரை ரொக்கெட்டை அதன் கம்பியில் நிறுத்திவிட்டு எல்லோரும் மரத்தடிக்கு ஒதுங்கினார்கள். வெயில் ஏறியது. வாகன வர்ணம் மேலே காய்ந்தாலும் உள்ளே காய நாள் எடுக்கும், வெயில் பட்டால் இளகும். இது சிவமணிக்குத் தெரியாததா? ஆனால் முழுதாகக் காயாத வர்ணம் பூசிய இரண்டு பக்கங்களை ஒன்றோடொன்று அமுக்கி வெயிலில் நிறுத்துகிற வேலை எந்த வானிலும் இல்லை. கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் றப்பர் இருக்கும். றப்பர் இல்லாத கதவு ஒன்றை அவன் வாழ்நாளில் முதல் தடவையாகச் செய்திருந்தான்.

காற்று விழுந்தது. சுபாகரன் எண்ணிக்கொண்டு பொத்தானை அமுக்கினான். போன தடவையைவிட நேராக, போன தடவையைவிட உயரமாக ரொக்கெட் ஏறியது. சிவப்பு நிறம் நீலத்துக்குள் ஒரு புள்ளியாகும்வரை மின்னிக்கொண்டே போனது. சிவமணி வானத்தைப் பார்க்கவில்லை. சர்மிலாவின் முகத்தைப் பார்த்தான். அவள் சிரித்தாள், அவன் பக்கம் திரும்பிச் சிரித்தாள். இத்தனை வருசத்தில் அவனுக்குக் கிடைத்த மிக நல்ல நேரம் அதுதான்.

மேலே ஒரு சின்னச் சத்தம் கேட்டது. புகை மூக்குப் பக்கம் வரவில்லை, வால் பக்கமாக வந்தது. மூக்கைத் தள்ளவேண்டிய மருந்து மோட்டாரையே பின்னால் தள்ள, அது தனியே கழன்று விழுந்தது. பரசூட் விரியவில்லை. ரொக்கெட் தலைகீழாகி, வேகம் எடுத்து, விசில் அடித்துக்கொண்டு வந்து வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் குத்தி நின்றது. வெளியே செட்டைகளும் 'ஆச்சி'யின் பாதி எழுத்தும்தான் தெரிந்தன.

சுபாகரன் ஓடிப்போய் அதைப் பிடுங்கினான். குழாய் மடிப்பு மடிப்பாக நசுங்கியிருந்தது. மூக்கு மட்டும் வைத்தபடியே இருந்தது. அவன் ஒரு கையால் இழுத்தான், இரண்டு கையாலும் இழுத்தான், முழங்கால்களுக்கிடையில் வைத்து இழுத்தான், அது அசையவில்லை. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுபாகரன் நிமிர்ந்து, பரசூட்டைத் தான்தான் பிழையாக மடித்துவிட்டதாகச் சத்தமாகச் சொன்னான். அந்த நேரத்திலும் அவன் நல்லவனாகவே இருந்தான். அது சிவமணிக்கு அடியைவிட மேலாக வலித்தது.

மரத்தடியில் ஆச்சிப்பிள்ளை சர்மிலாவை இழுத்துக் காதில் ஏதோ கேட்டாள். சர்மிலா விறைத்து நின்று பதில் சொன்னாள். பிறகு தாயின் உச்சந்தலையில் கையை வைத்தாள். தூரத்தில் நின்ற சிவமணி, கிழவிக்கு வெயில் படுகிறது போல என்று நினைத்துக்கொண்டான்.

திரும்பி வரும்போது சர்மிலா அவனுடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்தாள். மற்றவர்கள் ஓட்டோவில் முன்னால் போய்விட்டார்கள். வாய்க்கால் கரையால் கொஞ்சத் தூரம் வந்த பிறகு அவள் பேசினாள்.

"இஞ்சேருங்க, ஒண்டு கேக்கன், உண்மையச் சொல்லுங்க. அந்த மூக்கு கழராது எண்டு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் விட்டீங்களா?"

தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் தெரியாது என்றால் என்ன அர்த்தம்? அவள் வாழ்க்கையில் நின்று பார்த்த அவனுடைய ஒரே வேலையை அவன் பிழையாகச் செய்தான் என்று அர்த்தம். கண்ணாடி போட்ட சகலன் வாயால் சொல்லியும் விளங்காத மொக்கன் என்று அர்த்தம். தெரியும் என்றால் அவன் பொறாமைக்காரன், கெட்டவன், சரி. ஆனால் தன் கை என்ன செய்கிறது என்று தெரிந்த வேலைக்காரன் என்றாவது ஆகும். கெட்டவன் என்ற பேரை அவனால் சுமக்க முடியும். வேலை தெரியாதவன் என்ற பேரை, அதுவும் சகலனுக்குப் பக்கத்தில் வைத்து அவள் எடைபோடும்போது, அவனால் சுமக்க முடியாது.

"தெரியும்," என்றான். "தெரிஞ்சுதான் விட்டன்."

அவன் தோளில் இருந்த கை விலகியது.

"நிப்பாட்டுங்க," என்றாள்.

நிறுத்தினான். அவள் இறங்கி அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"அம்மா கேட்டா, மூத்தவன் வேணுமெண்டுதான் செஞ்சானோ எண்டு. நான் என்ன சொன்னன் தெரியுமா? என்ட மனிசன் மனசில ஆயிரம் கோவம் வெச்சிருப்பார், வேலையில வஞ்சகம் செய்ய மாட்டார் எண்டன். இவ்வளவு வடிவாச் செய்ற கைக்கு அது வராது எண்டன். அம்மாட தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினன்."

அவன் கேட்க ஏங்கியதெல்லாம் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. வடிவு இருந்தது, கை இருந்தது, என்ட மனிசன் இருந்தது. தான் கேட்காத இடத்தில், தன்னைச் சந்தேகப்பட்ட ஆளுக்கு முன்னால், தாயின் தலையைத் தொட்டு அவள் அதைச் சொல்லியிருக்கிறாள். ஒரு நிமிசம் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் அது அவனுடையதாகவே இருந்திருக்கும்.

"இல்ல புள்ள, பொய் சொன்னன். எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் இறுக்கினன், கராஜ் வேல மாதிரி நினைச்சு..." என்று தடுமாறினான்.

"மறுகா இப்ப நான் சத்தியம் பண்ணினதக் கேட்டுட்டு மாத்துறீங்க," என்றாள் சர்மிலா.

அவன் எவ்வளவோ சொன்னான். வர்ணம் இளகியதைச் சொன்னான், றப்பரைச் சொன்னான், தன் கைக்குக் கழர்ந்ததைச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். நசுங்கிய கதவைப் பற்றி ஒரு நாள் முழுக்கச் சொல்ல ஆசைப்பட்டவன், கடைசியில் தன் வேலையைப் பற்றி அவளுக்கு விளக்கியது அந்த வாய்க்கால் கரையில்தான். முடிந்ததும் அவள் ஏறிக்கொண்டாள். பின்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து சுபாகரன் ஒரு புதுக் குழாயோடு கிணற்றடிக்கு வந்தான். சிவமணி அங்கே கால் கழுவிக்கொண்டிருந்தான். சர்மிலா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் குழாயையும் அண்ணன்தான் செய்து தரவேண்டும் என்று சுபாகரன் கேட்டான். மாமி ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிகிறாவாம், என்ட மூத்த மருமகன் வேலையில் வஞ்சகம் தெரியாதவன், மகள் என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினவள் என்று. சொல்லும்போது சுபாகரனின் முகத்தில் உண்மையான சந்தோசம் இருந்தது. சிவமணி கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டுக் குழாயை வாங்கினான்.

சர்மிலா தோய்ப்பதை நிறுத்தினாள். தலையை நிமிர்த்தி, சிவமணியைத் தாண்டி, சுபாகரனைப் பார்த்தாள்.

"தம்பி, மூக்கிர கழுத்த மட்டும் இந்த முறை நீங்களே செய்ங்க," என்றாள்.

சுபாகரன் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சிவமணி குழாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கராஜுக்குப் போனான்.